8 மணிக்கு இட்லி, 11 மணிக்கு நடுக்கம்

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு 11 மணிக்குப் பசியில் கை நடுங்குமா? எனக்கு நடுங்கியது. அதுவும் குறுவை நேரத்தில், கடை நிறைய ஆள் நிற்கும்போது.

மன்னார்குடிப் பக்கம் ஓர் உரக்கடையில் கணக்கு பார்க்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்றால் அப்புறம் எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. மானிய உரம் வாங்குகிறவர் ஆதார் எண்ணைச் சொல்லி மெஷினில் கைரேகை வைக்க வேண்டும். சேற்றில் வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை லேசில் பதியாது. துணியால் துடைத்து, விரலை நானே பிடித்துக் கண்ணாடிமேல் அழுத்துவேன். அப்படி ஒரு நாள் பிடித்தபோது ஒரு பெரியவர், "என்ன தம்பி, எனக்கு எழுவது வயசு, என் கையை விட ஒங் கையில்ல ஆடுது?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பில்லில் இருந்த எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவதுதான் என் தொந்தரவு. அதன் அடையாளம்: வியர்வை, படபடப்பு, விரல் நடுக்கம், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றுவது, எதையாவது வாயில் போட்டே ஆக வேண்டும் என்கிற பசி. ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும் உள்ளே போனால் கொஞ்ச நேரத்தில் மாயமாக மறைந்துவிடும். மறைந்ததே என்று நிம்மதியாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மறுபடியும் வரும். முதலில் பார்த்த இடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை, கேஸ்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டதும் வருகிறதா, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

தஞ்சாவூரில் பார்த்த பொதுநல மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டார். சாப்பிட்டு இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வருகிறது என்றதும், "வெறும் வயிற்றில், விடியற்காலையில் எப்போதாவது வந்திருக்கிறதா?" என்றார். இல்லை. "வயிற்றில் ஆபரேஷன் ஏதாவது?" இல்லை. "சர்க்கரை நோய்க்கு மாத்திரை?" இல்லை. "வீட்டில் யாருக்காவது சுகர்?" அப்பாவுக்கு இருந்தது. எழுதிக்கொண்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இட்லி மாதிரி மெத்தென்று வெந்த மாவுப் பண்டம் வேகமாகச் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கிறது. ஏறும் சர்க்கரையை இறக்கக் கணையம் இன்சுலினை அனுப்புகிறது. சிலருக்கு அந்த இன்சுலின் சற்றுத் தாமதமாக, தேவைக்கு மேல் வருகிறது. வயலில் வெள்ளம் ஏறினால் வடிகாலை முழுசாகத் திறந்துவிடுவோம், வெள்ளம் வடிந்த பிறகும் அடைக்காமல் போனால் பயிருக்கு வேண்டிய தண்ணீரும் ஓடிவிடும் இல்லையா, அதுபோல. சர்க்கரை இறங்கியதும் உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கிறது. நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அதன் வேலை. பார்வை மங்குவதும் கணக்கு ஓடாததும் மூளைக்குக் குளுக்கோஸ் போதாததால். மருத்துவத்தில் இதற்கு ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா என்று பெயர்.

ஆனால் நடுக்கம் வந்தாலே இதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. தைராய்டு அதிகமானாலும் நடுங்கும், பதற்றத்திலும் நடுங்கும், காபி கூடினாலும் நடுங்கும். விப்பிள் என்கிற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930-களிலேயே மூன்று அடையாளம் சொல்லிவைத்திருக்கிறார். தொந்தரவு இருக்க வேண்டும், அந்த நேரத்தில் இரத்தச் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் தொந்தரவு தீர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக் குறைவு என்பது 100 மில்லி இரத்தத்தில் 55 மில்லிகிராமுக்குக் கீழே. பலரும் சொல்லும் 70 என்ற எண், மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கான எச்சரிக்கை அளவு. அந்த 70-ஐ வைத்துக்கொண்டு கலவரப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டு குளுக்கோமீட்டரை வைத்தும் இதை உறுதி செய்ய முடியாது. 100-க்குக் கீழே உள்ள அளவுகளில் 15 புள்ளி வரை முன்னே பின்னே காட்டலாம் என்பது அந்தக் கருவிகளுக்கு ஏற்கப்பட்ட தரம். 52 என்று காட்டினால் உண்மையில் 65 ஆகக்கூட இருக்கலாம். வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் நேர்மாறாக ஏறிக் காட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

எனக்கு நடந்த பரிசோதனை இப்படி. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்துப் பார்ப்பதில் அந்த மருத்துவருக்கு நம்பிக்கை இல்லை. அப்படிக் குடித்தால் ஆரோக்கியமானவர்களில் சிலருக்கும் பின்னால் இறங்கிவிடுமாம். வழக்கமாகச் சாப்பிடுவதையே கட்டிக்கொண்டு வரச் சொன்னார். வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு கிளம்பி, வடுவூர் வழியாகப் பஸ்ஸில் போய், அங்கே உட்கார்ந்து இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். கும்பகோணத்துப் பக்கம் தெரியாதவர்களுக்கு: கடப்பா என்பது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, இட்லிக்கு அதை மிஞ்சி எதுவும் இல்லை. பிறகு ஐந்து மணி நேரம், விட்டு விட்டு நரம்பிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 168. மூன்றாம் மணியில் 51, கூடவே அதே நடுக்கம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.8. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசல்படி. என்னைப் போல் குடும்பத்தில் சுகர் உள்ளவர்களுக்கு, இன்சுலின் தாமதமாக வந்து தடுமாறுவது பிற்காலச் சர்க்கரை நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. "சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள், பிறகு பேசுவோம்."

வீட்டில் சொன்னேன். அம்மா ஒரே வரியில் வைத்தியம் முடித்துவிட்டார்: "சக்கரை கொறையுதுன்னா ரெண்டு லட்டைத் தின்னுட்டுப் போ. இதுக்கு எதுக்குடா தஞ்சாவூர் வரைக்கும்?"

இந்த நோயில் பெரிய சிக்கலே இதுதான். சுகர் என்றால் இனிப்பை நிறுத்து, லோ சுகர் என்றால் இனிப்பைத் தின்னு என்று ஊர் முழுக்க மனப்பாடம். எனக்கோ ஏறுவதால்தான் இறங்குகிறது. லட்டு 10 நிமிடத்துக்கு நல்லது செய்யும், இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த நடுக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். டீயும் பிஸ்கட்டும் அன்றாடம் செய்ததும் அதே வேலைதான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயரை மாற்றினாலும் இன்சுலினுக்கு எல்லாம் ஒன்றுதான். உறவுக்காரர்களிடம் இவ்வளவும் விளக்க முடியாது என்பதால் இப்போதெல்லாம் "டாக்டர் இனிப்பு கூடாதுன்னுட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது அவர்களுக்குப் புரிகிறது, சுகர் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். சோற்றை விட்டுவிடு என்று சொன்ன புண்ணியவான்கள் உண்டு. நெல்லும் உரமும் விற்றுப் பிழைக்கிற ஊரில், மூன்று வேளையும் அரிசியைச் சுற்றியே வீடு நடக்கும்போது, நான் ஒருவன் மட்டும் தனித்தட்டு வைத்துக்கொள்வது ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் அரிசியை விடவில்லை. அதனோடு என்ன சேர்கிறது, எது முன்னால் போகிறது, எவ்வளவு போகிறது என்பதை மட்டும் மாற்றினேன்.

காலைதான் எனக்கு முக்கியம். முன்பு ஆறு இட்லி, பிறகு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. இப்போது இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை, கிண்ணம் நிறையச் சாம்பார். அதில் பருப்பும் காயும் தடியாக இருக்க வேண்டும் என்பது வீட்டில் ஒப்பந்தம். கடப்பா இன்னும் உண்டு, உருளைக்கிழங்கு பாதி, பாசிப்பருப்பு இரண்டு பங்கு. வாரத்தில் பாதி நாள் அடை. துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்ந்து அரிசிக்குச் சமமாக இருக்கிறபடி அரைத்து, கொரகொரப்பாக, தடிமனாக ஊற்றியது. முருங்கைக்கீரை இருந்தால் அதையும் கிள்ளிப் போடுவோம். அடை சாப்பிட்ட நாளில் 11 மணி வந்து போவதே தெரிவதில்லை. நைசாக அரைத்து ஆவியில் பஞ்சாக வெந்த மாவுக்கும், கரகரவென்று அரைத்துக் கல்லில் வெந்த மாவுக்கும் வயிறு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வித்தியாசம் இருக்கிறது. அதோடு பருப்பின் புரதமும் நாரும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கின்றன.

பாசிப்பயறும் உளுந்தும் எங்கள் ஊரில் கடையில் தேட வேண்டிய பொருள் இல்லை. சம்பா அறுப்பு நெருங்குகிற தறுவாயில், ஈரம் காய்வதற்குள் வயலில் பயறு தெளித்துவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பயறு காயும். அந்தப் பயறுதான் என் மருந்துப் பெட்டி. இரவே ஊறவைத்து, காலையில் மலர வேகவைத்து, தேங்காயும் மிளகாயும் தாளித்த சுண்டல் ஒரு சின்ன டப்பாவில் கடைக்கு வரும். பத்தரை மணிக்கு, கூட்டம் நின்றாலும், பில் போடுவதை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவேன். நடுக்கம் வந்த பிறகு சாப்பிடுவதல்ல, வருவதற்கு முன்பு சாப்பிடுவதுதான் விஷயம். கொண்டைக்கடலை, தட்டப்பயறு, வேர்க்கடலை எதுவானாலும் சரி. முதலாளிக்கு முதலில் முகம் சுளித்தது. கணக்கில் தப்பு வராமல் போனதைப் பார்த்த பிறகு அவரும் டப்பாவில் கைவிடுகிறார்.

மதியச் சோற்றில் கண் அளவை நம்பக் கூடாது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. எங்கள் வீட்டில் ஒரு சாதாரண மதியத் தட்டை நிறுத்துப் பார்த்தபோது 400 கிராமைத் தாண்டியது. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை போட்டால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? இப்போது ஒரே தடவை, ஒரு கிண்ணம். அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். மீதி இடத்துக்குக் காய் வர வேண்டும். வாழைத்தண்டுக் கூட்டு, வாழைப்பூ உசிலி, அவரைக்காய்ப் பொரியல். நாகப்பட்டினத்திலிருந்து மீன் வருகிற நாளில் மத்தியோ நெத்திலியோ. மீன் கிடைத்தால் அன்றைக்குச் சோறு தானாகவே குறைந்துவிடுகிறது.

வரிசையும் முக்கியம். காயையும் பருப்பையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பின்னால் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். இதைக் கல்யாணப் பந்தியில் செய்வது சுலபம் என்று கண்டுபிடித்தேன். சோற்று வாளி வருவதற்கு முன்பே கூட்டு, பொரியல், பச்சடி, பருப்பு வடை எல்லாம் இலையில் வந்துவிடும். எல்லோரும் சோற்றுக்காகக் காத்திருக்கும்போது நான் அதை முடித்துவிட்டு இன்னொரு கரண்டி கூட்டு கேட்பேன். பரிமாறுகிற பையன் ஒரு மாதிரி பார்ப்பான், அவ்வளவுதான். இலை ஓரத்தில் முதலில் வைத்த இனிப்பை மட்டும் அங்கேயே விட்டுவைத்து, கடைசியில் ஒரு விள்ளல். திருவையாற்று அசோகாவாக இருந்தால் இரண்டு விள்ளல். பாசிப்பருப்பில் செய்ததுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தாலும், அதில் பருப்பை விடச் சர்க்கரைதான் அதிகம்.

எந்த அரிசி என்று கேட்பவர்கள் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் வருஷா வருஷம் நடத்திய நெல் திருவிழாக்களால் பாரம்பரிய ரகங்கள் எங்கள் பகுதியில் மறுபடி வயலுக்கு வந்தன. மாப்பிள்ளை சம்பா, கருங்குறுவை எல்லாம் இப்போது கேட்டால் கிடைக்கிறது. தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நார் கூடுதல், மெல்ல வேண்டியிருப்பதால் குறைவாகவே இறங்குகிறது. எனக்கு மாப்பிள்ளை சம்பா ஒத்துப்போகிறது. ஆனால் அதுவும் அரிசிதான். "பாரம்பரியம்" என்று சொல்லி இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் அதே 11 மணிதான். பொதுவாகப் பச்சரிசியை விடப் புழுங்கல் மெதுவாக ஏறும், குழைந்த சோற்றை விடப் பருக்கையாக வடித்த சோறு மெதுவாக ஏறும். சோறு ஆறினால் அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. பழைய சோற்றுக்குக் கிடைக்கும் நல்ல பெயருக்கு அதுவும் ஒரு காரணம். நான் பழையது சாப்பிடுவதுண்டு, நீராகாரத்தோடு மட்டும் இல்லாமல் தயிர், சின்ன வெங்காயம், கூடவே ஒரு முட்டையோ கருவாடோ சேர்த்து.

சிறுதானியம் என்று ஒரு காலம் முழுக்கக் கேழ்வரகுக் கூழ் குடித்துப் பார்த்தேன். மீட்டர் சொன்னது வேறு. மாவாக்கி, கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பது எந்தத் தானியமானாலும் எனக்கு வேகமாகவே ஏறுகிறது. அதே கேழ்வரகைக் கீரை போட்டு அடையாகத் தட்டினால் பரவாயில்லை. குடிக்கிற எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்: பழச்சாறு, சர்பத், கோயிலில் கொடுக்கும் பானகம். பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம், சாப்பாட்டுக்குப் பின்னால், சின்னப் பூவன் ஒன்று. காபியை விட முடியவில்லை. காபி அதே படபடப்பை உண்டாக்கும், இருக்கிற படபடப்பைக் கூட்டவும் செய்யும் என்பதால் வெறும் வயிற்றில் குடிப்பதை விட்டு, டிபனுக்கு அப்புறம் சர்க்கரை இல்லாமல் ஒன்று. டிகிரி காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பதற்கு நாக்கு பழகக் கொஞ்ச நாள் ஆகும், பிறகு பாலின் இனிப்பே தெரியும். வெறும் வயிற்றில் மதுவும் சர்க்கரையைக் கீழே தள்ளும். குடிப்பவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

விரதம் ஒரு தனிப் பிரச்சினை. ஏகாதசி, கந்த சஷ்டி என்று பகல் முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு, சாயங்காலம் சர்க்கரைப் பொங்கலில் முடிப்பது எனக்கு ஆகாது. பட்டினியை விட, அதை முடிக்கிற விதம்தான் கெடுக்கிறது. மனைவி விரதமிருக்கும் நாளில் நானும் இருக்கிறேன், சுண்டலும் மோரும் சாப்பிட்டுக்கொண்டு. பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை.

சாப்பிட்டதும் கடையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது சர்க்கரை ஏறும் உச்சத்தைத் தணிக்கிறது. அதுவே, வயிறு முட்டச் சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மூட்டை தூக்குவது, வெயிலில் சைக்கிள் மிதிப்பது போன்றவை நடுக்கத்தைக் கூப்பிட்டுக் கொண்டுவரும். லோடு இறக்கும் நாளில் சுண்டலை முன்கூட்டியே சாப்பிட்டுவிடுகிறேன்.

இவ்வளவும் பார்த்தாலும் எப்போதாவது வரத்தான் செய்கிறது. அப்போது செய்வது: முதலில் வண்டியை நிறுத்து. பாமணி ஆற்றங்கரைச் சாலையில் பைக்கில் போகும்போது ஒருமுறை எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. உடனே ஓரம் கட்டிவிட்டேன். மீட்டர் கையில் இருந்தால் பார், இல்லாவிட்டால் பார்க்கப் போகாதே. 15 கிராம் சர்க்கரை, அதாவது தட்டையாக எடுத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ, தண்ணீரில் கரைத்துக் குடி. 15 நிமிடம் பொறு. சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. இங்கே சாக்லேட்டோ கடலை மிட்டாயோ உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். பலரும் விடுவது அடுத்த படியைத்தான். தெளிந்ததும் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பொட்டுக்கடலை அல்லது ஒரு முட்டை சாப்பிட வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரையே அடுத்த இறக்கத்துக்கு அடிபோடும். என் பைக் பெட்டியில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ், ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை, இரண்டும் எப்போதும் இருக்கும். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் யாரும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஹெச்பிஏ1சி வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். உணவு மாற்றியும் அடங்காதவர்களுக்கு, மாவுச்சத்துச் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் போன்ற மாத்திரையை மருத்துவர்கள் சிலசமயம் தருவதுண்டு. எனக்கு அதுவரை போகவில்லை. இதைப் படிக்கிறவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் என் தட்டைப் பின்பற்ற வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இறங்கினால் மருந்தின் அளவைத்தான் மருத்துவர் பார்க்க வேண்டும். எடை குறைப்புக்காகவோ வேறு எதற்காகவோ இரைப்பையில் அறுவை செய்தவர்களுக்கும் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இப்படி வரும், அவர்களுக்கு வழிமுறை தனி. விடியற்காலையிலோ சாப்பிடாமல் இருக்கும்போதோ நடுக்கமும் குழப்பமும் வந்தால், நினைவு தப்பினால், வலிப்பு மாதிரி வந்தால், அது நான் சொல்லும் கதை இல்லை. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்றுகூட அப்போது பார்ப்பார்கள், அதற்காக மருத்துவமனையில் சேர்த்து 72 மணி நேரம் வரை பட்டினி வைத்துச் சோதிப்பது உண்டு. அப்படிப்பட்டவர்கள் அடையும் சுண்டலும் செய்துகொண்டு நாளைக் கடத்தாமல் நேரே ஒரு மருத்துவரிடம் போக வேண்டும், போகும்போது எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு.